பத்து மாதமும் காத்திருப்புக் காலமும்

ஐப்பசி மழை விட்டு, வடபழனியின் சந்துகளில் கொசு பெருகியிருந்த சமயம். எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல். ஏழாம் மாதம். சாலிகிராமம் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எடிட்டிங் வேலை பார்க்கிறாள். மாதச் சம்பளம் கிடையாது, படத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். இரவு பத்து மணிக்கு ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். டெங்கு, உடனே அட்மிட் பண்ணுங்கள் என்றார்கள்.

ஐந்து லட்சத்துக்குப் பாலிசி இருந்தது. பதினான்கு மாதமாகத் தவறாமல் பிரீமியம் கட்டியது. அட்டையை நீட்டியதும் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பையன் கேஸ் ஷீட்டின் முதல் வரியைப் பார்த்தான்: ‘ப்ரைமி, 28 வாரம்.’ ப்ரைமி என்றால் முதல் கர்ப்பம்.

“மெட்டர்னிட்டிக்கு வெயிட்டிங் பீரியட் இன்னும் முடியலையே மேடம்.”

“பிரசவத்துக்கா வந்திருக்கோம்? காய்ச்சலுக்குத்தானே தம்பி.”

“அனுப்பிப் பார்க்கிறேன். ஆனா க்வெரி வரும்.”

வந்தது, மூன்று முறை. ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது கேஷ்லெஸ் மறுக்கப்பட்டிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு எண்தான்: விலக்கு 18. ஜோடி வளையலை அடகு வைத்துப் பில்லைக் கட்டிவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து நான் இந்தப் பதினெட்டைத் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் எழுத வேண்டும் என்று 2019 செப்டம்பரில் விலக்குகளைச் சீர்படுத்தி எண் கொடுத்தது. அதில் பதினெட்டாவது மகப்பேறு. பிரசவம் காரணமாக ஏற்படும் மருத்துவச் செலவுகள், சிக்கலான பிரசவமும் சிசேரியனும் உட்பட, கிடையாது. குழாயில் கரு தங்கிவிடும் எக்டோபிக் கர்ப்பத்துக்கு மட்டும் விதிவிலக்கு. கருச்சிதைவும் கிடையாது, விபத்தால் நேர்ந்தால் தவிர. சட்டப்படியான கருக்கலைப்பும் கிடையாது. இதற்கு முந்தைய எண்ணான பதினேழு, குழந்தையின்மைச் சிகிச்சை. அதுவும் கிடையாது. கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு நிறுவனம் தானாக முன்வந்து சேர்த்துக் கொடுத்தால்தான் உண்டு.

இது புதிதாக வந்த கெடுபிடி அல்ல. அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 1986-இல் மெடிக்ளெய்ம் பாலிசியைக் கொண்டுவந்தபோதே பிரசவம் வெளியேதான் நின்றது. 2020 ஏப்ரலில் சாமானியர்களுக்கென்று எல்லா நிறுவனங்களையும் விற்கச் சொன்ன ‘ஆரோக்ய சஞ்சீவனி’யிலும் அது இல்லை.

காப்பீட்டுக்காரர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. காப்பீடு என்பது எதிர்பாராத நஷ்டத்துக்கு. வீடு தீப்பிடிக்கும், வண்டி மோதும், மாரடைப்பு வரும். பிரசவம் தேதி குறித்துக்கொண்டு வருவது. கர்ப்பம் உறுதியான மறுநாள் பாலிசி எடுத்து, பிள்ளை பிறந்த மறுமாதம் விட்டுவிட்டால் நிறுவனம் பிழைக்க முடியாது. சுகப்பிரசவத்தைப் பொறுத்தவரை இந்த வாதத்தோடு எனக்குச் சண்டையில்லை. வரப்போகிற செலவுக்குச் சேர்த்துவைப்பதன் பெயர் சேமிப்பு. அதற்குச் சீட்டுப் பிடிக்கலாம், காப்பீடு எதற்கு?

ஆனால் தேதி குறித்து வருவது பிரசவம் மட்டும்தான். ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி வலிப்பு வருவதற்கும், பனிக்குடம் ஏழாம் மாதத்தில் உடைவதற்கும், பிள்ளை பெற்றபின் ரத்தப்போக்கு நிற்காமல் போவதற்கும் யார் தேதி குறித்தது? இவை எல்லாம் காப்பீட்டின் இலக்கணத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற எதிர்பாராத ஆபத்துகள். விலக்கு 18 இவற்றையும் ‘சிக்கலான பிரசவம்’ என்று ஒரே வாளியில் போட்டு மூடிவிட்டது. எதிர்பார்த்ததை விலக்கப்போய், எதிர்பாராததையும் சேர்த்து விலக்கிய இடம்தான் இந்த விவகாரத்தின் ஆணிவேர் என்று நினைக்கிறேன்.

பிரித்துப் பார்க்க முடியாததா என்றால், முடியும். ஜப்பானில் பொதுக் காப்பீடு சுகப்பிரசவத்தை நோயாகக் கருதாது. அதற்குப் பதிலாக மொத்தத் தொகை ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. 2023 ஏப்ரலில் அதை 5 லட்சம் யென்னாக உயர்த்தினார்கள். சிசேரியன் என்றாலோ மருத்துவக் காப்பீடு உள்ளே வந்துவிடும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் நாட்டின் 2021 வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம், வாடகைத்தாய்க்குப் பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்களுக்காக 36 மாதக் காப்பீட்டைக் கட்டாயமாக எடுக்கச் சொல்கிறது. அடுத்தவர் பிள்ளையைச் சுமப்பவளுக்கு முடிகிற காப்பீடு தன் பிள்ளையைச் சுமப்பவளுக்கு ஏன் முடியாது? இந்தக் கேள்வியைப் பாலிசி விற்க வந்த ஒருவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு டீ குடித்தார்.

சரி, மகப்பேறு சேர்த்த பாலிசியாகவே வாங்கிவிடலாம் என்றால் அங்கே நிற்பது காத்திருப்புக் காலம். 9 மாதம் முதல் 4 வருடம்வரை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 24 மாதமும் 36 மாதமும் சகஜம். 24 மாதம் என்று வைத்துக்கொண்டால், கல்யாணமான கையோடு பாலிசி போட்டாலும் இரண்டாம் திருமண நாளுக்கு முன் பிறக்கிற பிள்ளைக்குக் காசு வராது. அதனால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பெண்ணின் பேரில் மகப்பேறு பாலிசி எடுக்க வேண்டும். நம் வீடுகளில் இதை யார் யாரிடம் சொல்வது? எடுத்தாலும், கிடைப்பது பெரும்பாலும் உச்சவரம்புக்கு உட்பட்ட சிறு தொகை. கூடுதல் பிரீமியத்தையும் அந்த உச்சவரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தால், பல பாலிசிகளில் நம் பணத்தையே நமக்குத் திருப்பித் தருகிறார்கள் என்பது விளங்கும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது ஓர் ஆறுதல். கணக்கின் அடிப்படை அதனால் மாறவில்லை.

ஏற்கெனவே முழுகாமல் இருப்பவர் புதிதாகப் போய்க் கேட்டால், பிரசவம் முடிந்து வாருங்கள் என்பதுதான் பெரும்பாலும் பதில். அந்தக் கட்டத்தில் ‘சொல்லாமல் போட்டுவிடலாம்’ என்று யோசனை சொல்ல ஆள் இருக்கும். கேட்காதீர்கள். பாலிசி போட்டு ஐந்து வருடம் ஆகும்வரை, தகவலை மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மை மறுக்கவும் பாலிசியையே ரத்துசெய்யவும் நிறுவனத்துக்கு வழியுண்டு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் தேதி அச்சாகித்தான் வருகிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான் இருந்தது. தனியாகப் பாலிசி வாங்கப்போன கர்ப்பிணியை ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்று திருப்பி அனுப்பினார்கள். 2010-இல் வந்த சட்டம் 2014 முதல் அதைத் தடுத்தது. ஆனாலும் அங்கே பெரும்பாலான மாநிலங்களில், ஆண்டுச் சேர்க்கைக் காலத்துக்கு வெளியே கர்ப்பமானால் அதைச் சொல்லிச் சேர முடியாது. பிள்ளை பிறந்தால்தான் வாசல் திறக்கும்.

ஆக, நம் ஊரில் பிரசவத்துக்கு நிஜமாகப் பணம் தருகிற காப்பீடு எது என்று தேடினால், அது கடையில் விற்பதில்லை. வேலையோடு வருகிறது. ஐ.டி. கம்பெனிகளின் குழுக் காப்பீட்டில் காத்திருப்பு இல்லை, முதல் நாளிலிருந்தே மகப்பேறு உண்டு, பிறந்த பிள்ளைக்கும் முதல் நாளிலிருந்து உண்டு. சுகப்பிரசவத்துக்கு இவ்வளவு, சிசேரியனுக்கு இவ்வளவு என்று ஐம்பதாயிரம், முக்கால் லட்சம் என்கிற மாதிரி வரம்பு இருக்கும். முதல் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வார்கள். சென்னையின் பெரிய மருத்துவமனைப் பில்லில் அந்த வரம்பு பாதியைத் தாண்டினால் அதிர்ஷ்டம். இருந்தாலும் கையிலிருந்து எண்ணி வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

சிக்கல், அது வேலையோடு ஒட்டிக்கொண்டிருப்பது. கடைசி வேலை நாளன்று இரவு பன்னிரண்டு மணிக்கு அட்டை செத்துப்போகும். வேலை மாறுவதற்கும், படுத்த படுக்கையாக ஓய்வெடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுப்பதற்கும், ‘நீயே பேப்பர் போட்டுவிடும்மா’ என்று மேனேஜர் தன்மையாகப் பேசுவதற்கும் பெண்ணின் வாழ்க்கையில் ஒரே பருவம்தான் வாய்க்கிறது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 12-ஆம் பிரிவாக இருந்து, 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்கு மாறிய விதி, மகப்பேற்றுக்காக வேலைக்கு வராதிருக்கும்போது பணிநீக்கம் செய்வதைத் தடுக்கிறது. கர்ப்பகாலத்தில் நீக்கிவிட்டாலும் அவளுக்குச் சேர வேண்டிய பலன் போகாது என்கிறது. ராஜினாமாக் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தவளுக்கு அந்த விதி நிழல் தருவதில்லை. தருணம் பார்த்துத் தன்மையாகப் பேசுவதன் காரணமும் அதுதான்.

கணவருக்கு நல்ல குழுக் காப்பீடு இருந்தால் அதில் மனைவி பெயர் உண்டா என்று பார்க்க வேண்டும். வடபழனி முருகன் சந்நிதியில் ஒரே முகூர்த்தத்தில் எத்தனை கல்யாணம் நடக்கிறது! அந்த மாப்பிள்ளைகளில் எத்தனை பேர் ஊருக்குத் திரும்பியதும் எச்.ஆருக்கு ஒரு மெயில் தட்டியிருப்பார்கள்? பல நிறுவனங்களில் கல்யாணமான சில வாரங்களுக்குள் மனைவியின் பெயரைச் சேர்க்கவில்லை என்றால் அடுத்த புதுப்பிப்புவரை காத்திருக்க வேண்டும். இருவருக்கும் பாலிசி இருந்தால், ஒன்றில் தீர்ந்துபோன வரம்புக்கு மேலான மிச்சத்தை மற்றதில் கேட்கலாம். முதல் நிறுவனத்தின் செட்டில்மென்ட் கடிதமும், பில்களின் நகலும் வேண்டியிருக்கும்.

வடபழனியிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்தில் இன்னொரு காப்பீடு இருக்கிறது. கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை. அதைக் காப்பீடு என்று யாரும் சொல்வதில்லை, ‘இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி’ என்பார்கள். மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிற திட்டம். 15,000 சம்பளக்காரிக்கு மாதம் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் சொச்சம் பிடிப்பார்கள். அதற்கு, வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே குடும்பத்துக்கு மருத்துவம். பிரசவம் விலக்கு இல்லை, சிசேரியனுக்கு உச்சவரம்பு இல்லை, க்வெரி அனுப்புகிற டெஸ்க் இல்லை. முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாள் சந்தா சேர்ந்திருந்தால், காப்பீடு செய்த பெண்ணுக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகையும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் ரொக்கப் பலனுக்கு மட்டும் ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு வால் இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை கட்டிய சந்தாவுக்குப் பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன்வரை. அக்டோபர் முதல் மார்ச்வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர்வரை. வேலையை விட்டதும் செத்துப்போகிற அட்டை அல்ல இது. துணிக்கடையிலிருந்து நின்றுவிட்ட பெண், பிரசவத்துக்கு முன் தன் சந்தா நாள்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. வரிசையும் காத்திருப்பும் இங்கே அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாதச் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் கூடி 21,500 ஆகிவிட்டால், நடப்புச் சந்தாக் காலத்தோடு சந்தா நின்று, அதற்குரிய பலன் காலம் முடிந்ததும் இத்தனையும் போய்விடும். சம்பள உயர்வு தண்டனையாகிற விசித்திரம் அது. இந்த வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது.

எடிட்டிங் பெண்ணுக்கு இவை எதுவுமே இல்லை. தினக்கூலிக்கும் படக்கூலிக்கும் உழைப்பவர்களால் நிறைந்த பேட்டை இது. லைட்மேன், மேக்கப் உதவியாளர், டப்பிங் குரல், தையல், கேட்டரிங். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு மிஞ்சுவது அரசு மருத்துவமனை.

மிஞ்சுவது என்று எழுதிவிட்டேன். அது தப்பு. வேலையோடும் ஒட்டாத, காத்திருப்புக் காலமும் இல்லாத ஒரே காப்பீடு தமிழ்நாட்டில் அதுதான். 1844-இல் தொடங்கிய எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையும், திருவல்லிக்கேணியில் நம் பாட்டிகள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையும் தனியார் கைவிட்ட சிக்கல்களைக் கடைசி நேரத்தில் வாங்கிக்கொள்கிற இடங்கள். மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2018–20இல் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு நாடு முழுக்க 97, தமிழ்நாட்டில் 54. அந்த வித்தியாசத்தைப் பாலிசி அட்டைகள் உண்டாக்கவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கமாகத் தவணைகளில், மீதி 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. ஏழைக் குடும்பம், முதல் இரண்டு பிரசவம், அரசு மருத்துவமனை என்று நிபந்தனைகள் உண்டு. இதற்கும், எந்த மருத்துவமனையில் பெற்றாலும் பிறப்புச் சான்றிதழுக்கும், ‘பிக்மி’ என்கிற கர்ப்பப் பதிவு எண் வேண்டும். கர்ப்பம் தெரிந்ததும், பன்னிரண்டு வாரத்துக்குள் பதியச் சொல்கிறார்கள். நம் வழக்கமோ மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது. கண்பட்டுவிடுமாம். நர்ஸ் கண் படாது என்று எங்கள் தெருவில் சில மாமியார்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு வழக்கமும் காப்பீட்டோடு மோதுகிறது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில். வளைகாப்பு முடிந்ததும் பெண் விருத்தாசலத்துக்கோ சங்கரன்கோவிலுக்கோ போய்விடுவாள். கேஷ்லெஸ் தரும் மருத்துவமனைகளின் பட்டியல் சென்னையில் நீளமாக இருக்கும், அங்கே ஒன்றோ இரண்டோதான். அதிலும் மகப்பேறு பார்ப்பது எது என்று போன் போட்டுக் கேட்டால்தான் தெரியும். பட்டியலில் இல்லாத இடத்தில் பிள்ளை பெற்றால் பெரும்பாலும் முதலில் கையிலிருந்து கட்டி, பிறகு அசல் பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் அனுப்பித்தான் வாங்க வேண்டும். மருந்துக்கடை ரசீதில் டாக்டர் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். வளைகாப்புக்குப் பத்திரிகை அடிக்கும்போதே இந்தப் பட்டியலையும் பார்த்துவிடலாம்.

சிசேரியன் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனையில் 36.0, தனியாரில் 63.8. தனியாரில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிற ஒன்றை எதிர்பாராத செலவு என்று நாமும் சொல்ல முடியாது. பணத்தை எண்ணி வைக்கிறவர்கள் சிசேரியன் கணக்கிலேயே எண்ணி வையுங்கள்.

ஆனால் குடும்பத்தைக் கவிழ்க்கிற பில் தாயுடையது அல்ல, பிள்ளையுடையது. குறைமாதத்தில் பிறந்து, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யு.வில் மூன்று வாரம் கிடந்தால் தினக்கணக்கில் ஓடுகிற மீட்டர் அது. கடையில் வாங்கிய பெரும்பாலான பாலிசிகளில் பிள்ளையை 91-ஆம் நாளிலிருந்துதான் சேர்க்க முடியும். ஆபத்து முழுவதும் முதல் தொண்ணூறு நாளில், காப்பீடு அதற்கு மறுநாள்! பாலிசி வாங்குகிறவர்கள் மகப்பேற்று வரம்பு எவ்வளவு என்று கேட்பதைவிட, பிறந்த நாளிலிருந்து பிள்ளைக்கு உண்டா என்று கேட்பது புத்திசாலித்தனம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பச்சிளங்குழந்தைச் சிகிச்சைகள் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000. வாடகைக் கார் ஓட்டுகிறவர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது கிராம நிர்வாக அலுவலரின் பேனாவைப் பொறுத்தது.

மறுப்பு வந்தால் என்ன செய்வது? எங்கள் மாடிப் பெண்ணுக்காக நான் கற்றுக்கொண்டது இவ்வளவு. 2024 மே 29-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும் டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் வர வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், அதனால் மருத்துவமனை கேட்கிற கூடுதல் தொகை நிறுவனத்தின் தலையில். எந்தக் கிளெய்மையும் பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது. மறுத்தால் பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று விளக்க வேண்டும். கேஷ்லெஸ் மறுப்பு கிளெய்ம் மறுப்பு ஆகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பில்லைக் கட்டிவிட்டு மறுபடியும் கேட்கலாம்.

கேட்டோம். முதல் வேலையாக, சிகிச்சை பார்த்த டாக்டரம்மாவிடம் போய் இரண்டு வரி எழுதி வாங்கினோம்: அனுமதித்தது டெங்குக் காய்ச்சலுக்கு, பிரசவம் சார்ந்த சிகிச்சை எதுவும் அளிக்கப்படவில்லை. அதை இணைத்து நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குக் கடிதம். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டாலோ மறுத்தாலோ, தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம்வரை விசாரிக்கலாம். அதற்கப்புறம் நுகர்வோர் ஆணையம். எங்களுக்குத் தேனாம்பேட்டைவரை போகிற வேலை வைக்கவில்லை. இருபத்து மூன்றாம் நாள் பணம் வந்தது, கையுறைக்கும் ஊசிக்குழலுக்கும் கழித்துக்கொண்டு. வளையல் திரும்பி வந்தது.

பிரசவம் கோஷாவில். சிசேரியன், பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. தாயின் கட்டிலில் தொங்கிய அட்டையில் பிள்ளைக்கு இன்னும் பெயர் இல்லை, ‘பேபி ஆஃப்’ என்று அம்மாவின் பெயர் மட்டும். போன வாரம் மாடிக்குப் போனபோது அவள் தினசரிக் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தொட்டில் போடுகிற நாளுக்குச் சிவப்பு வட்டம். அதற்குப் பிறகு நிறையத் தாள்களைத் தள்ளிவிட்டு, இன்னொரு தாளில் பேனாவால் எழுதியிருந்தாள்: 91.

“அன்னிக்குக் காலையிலேயே ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணணும்க்கா” என்றாள். “அதுக்குள்ள பாப்பாவுக்குப் பேரு வெச்சாகணும். ஃபார்ம்ல ‘பேபி ஆஃப்’னு போட்டா எடுத்துக்க மாட்டாங்களாம்.”